முகம் தெரியாத சந்தையில் முன்பணம்: இணைய விற்பனை மோசடிகளும் திருப்பூர் உழைப்பாளர்களும்

திருப்பூருக்குக் கிழக்கே, சிட்கோ தொழிற்பேட்டையின் பெயரோடு சேர்த்தே அறியப்படும் ஊர் முதலிபாளையம். பின்னலாடை வடிவமைப்பைக் கற்பிக்கும் நிஃப்ட்-டீ கல்லூரியும் அவ்வூரில்தான் உள்ளது. அங்கே லைன் வீடொன்றில் குடியிருக்கும் தையல் தொழிலாளி ஒருவர் தம்முடைய பழைய பவர் டேபிளை விற்க முற்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பனியன் கம்பெனியில் ஆர்டர் குறைந்து ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகச் சுருங்கிவிட்டது; மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கான கெடு நெருங்குகிறது. கைப்பேசியில் நான்கு படங்கள் எடுத்து, பழைய பொருள்களை விற்கும் செயலியொன்றில் விலையோடு பதிகிறார். கால் மணி நேரத்தில் அழைப்பு வருகிறது.

அழைத்தவர் பேரம் பேசவில்லை. தாம் ராணுவத்தில் பணிபுரிவதாகவும், கோவைக்கு மாற்றலாகி வந்திருப்பதாகவும், இயந்திரத்தை எடுத்துச்செல்ல வண்டி அனுப்புவதாகவும் சொல்கிறார். சீருடை அணிந்த படமும் அடையாள அட்டையின் படமும் வாட்ஸ்அப்பில் வந்து சேர்கின்றன. கணக்குச் சரியா என்று பார்ப்பதற்காகப் பத்து ரூபாய் அனுப்புகிறார். அது உண்மையாகவே வந்து விழுகிறது. அடுத்து ஒரு கியூ.ஆர். குறியீடு வருகிறது. "இதை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள், முழுத் தொகையும் உங்கள் கணக்கில் ஏறிவிடும்" என்கிறார். எண்ணைப் போட்டவுடன் பணம் ஏறவில்லை, இறங்குகிறது. பதறிக் கேட்டால், தவறு நேர்ந்துவிட்டதென்றும் இரண்டையும் சேர்த்துத் திருப்பித் தருவதாகவும் கூறி இரண்டாவது குறியீட்டை அனுப்புகிறார். இழந்ததை மீட்கும் பதற்றத்தில் அதுவும் ஸ்கேன் செய்யப்படுகிறது. சனிக்கிழமை வாங்கிய வாரச் சம்பளமும் சேர்ந்து போய்விடுகிறது.

இந்தத் தொழிலாளி கற்பனை. நடந்த முறை கற்பனையன்று. ராணுவ வீரர் வேடத்தில் நாடெங்கும் ஆண்டுக்கணக்காக நடந்துவரும் மோசடி இது. 2021 பிப்ரவரியில் அன்றைய டெல்லி முதலமைச்சரின் குடும்பத்திலேயே ஒருவர், பழைய சோஃபாவை விற்க முயன்று, இதே போல் முதலில் சிறு தொகை பெற்று, பின்னர் குறியீட்டை ஸ்கேன் செய்து 34,000 ரூபாயை இழந்தார். ஆகவே இது படிப்பறிவில்லாதவர்கள் மட்டும் விழும் குழி என்று எவரும் சொல்ல முடியாது. நாடாளுமன்றத்தில் ஒன்றிய உள்துறை அமைச்சகம் அளித்த கணக்கின்படி, சைபர் நிதி மோசடிகளில் மக்கள் இழந்த தொகை 2023இல் 7,465 கோடி ரூபாய். 2024இல் 22,845 கோடி ரூபாய். ஓராண்டில் மூன்று மடங்கு.

இந்தக் கோடிகளுக்குள் இயந்திரம் விற்கப்போய் ஏமாந்த தொழிலாளியின் சில ஆயிரங்கள் எங்கோ ஒரு மூலையில் கிடக்கின்றன. செய்தியாகும் வழக்குகள் பெரும்பாலும் பெருந்தொகை இழந்த ஓய்வுபெற்ற அதிகாரிகளுடையவை. சில ஆயிரங்களை இழந்தவர் புகாரும் கொடுப்பதில்லை. அந்தச் சில ஆயிரங்கள் ஒரு குடும்பத்தின் ஒரு மாத வாடகையும் அரிசியும் ஆகும்.

அறிமுகமற்றவரை நம்ப வேண்டிய கட்டாயம்

திருப்பூரின் வணிகம் எப்போதுமே அறிமுகத்தின் மீது ஓடியது. யார் யாருக்குக் கடனாக நூல் கொடுப்பார், யாருடைய காசோலையை எவர் ஏற்பார், யாருக்கு ஜாப் ஒர்க் கிடைக்கும் என்பதையெல்லாம் உறவும் ஊரும் சாதியும் தீர்மானித்தன. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்கிட்டுக் காட்டியது. வட்டாரத்தின் ஆதிக்க வேளாண் சமூகத்தைச் சேர்ந்த உரிமையாளர்கள் வெளியாட்களைவிட மிகுந்த முதலோடு தொழில் நடத்தினார்கள். ஆனால் விரைவாக வளர்ந்தது வெளியாட்களின் உற்பத்தியே. திறமை ஓரிடத்திலும் முதல் வேறிடத்திலும் இருந்தன என்பதே அதன் பொருள். அதே 2004இல் வெளிவந்த நூலொன்றில் ஷரத் சாரி இந்த முதலுக்கு 'சகோதர மூலதனம்' என்றே பெயரிட்டார். அந்தச் சகோதரத்துவத்துக்குள் அருந்ததியருக்கும் பறையருக்கும் இடம் இருந்ததில்லை என்பதை இவ்வட்டாரத்தில் விளக்கத் தேவையில்லை.

முன்பணம் என்ற சொல்லும் கொங்கு மண்டலத்தின் ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் புதியதன்று. திருப்பூரைச் சுற்றியுள்ள இரு கிராமங்களை ஒப்பிட்டு கிரேஸ் கார்ஸ்வெல், கியர்ட் டி நீவ் இருவரும் 2014இல் எழுதிய ஆய்வில், ஒரு கிராமத்தின் தலித்துகள் பனியன் கம்பெனி வேலையால் ஊர்க் கட்டுப்பாட்டிலிருந்து ஓரளவு விலகி நிற்க முடிந்ததையும், மற்றொரு கிராமத்தில் விசைத்தறி உரிமையாளரிடம் வாங்கிய முன்பணம் தலித் குடும்பங்களைக் கட்டிப்போட்டதையும் பதிவு செய்தார்கள்.

இப்பின்னணியில் பார்த்தால் இணையச் சந்தை ஒடுக்கப்பட்டவர்களுக்கு அளித்தது சிறிய விஷயமன்று. வாங்குபவர் ஊர் கேட்பதில்லை, தெரு கேட்பதில்லை, தந்தையின் பெயர் கேட்பதில்லை. காதர்பேட்டைக் கடைக்காரர் கடனுக்குச் சரக்குத் தராத இளைஞர் இன்ஸ்டாகிராமில் டி-ஷர்ட் விற்கிறார். வீட்டிலிருந்தபடியே வாட்ஸ்அப் குழுவில் நைட்டி விற்கும் பெண், கம்பெனி மேற்பார்வையாளரின் வசைக்குத் தப்பிய பெண்ணாகவும் இருக்கிறார். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது 50 விழுக்காடு வரி விதித்து, திருப்பூரின் ஏற்றுமதி ஆர்டர்கள் நின்றும் தள்ளியும் போன மாதங்களில், இத்தகைய பக்க வருமானத்தின் தேவை முன்னைவிடக் கூடியது.

ஆனால் அறிமுகத்தின் பிடியிலிருந்து விடுபட்டவர் அறிமுகம் தந்த காப்பையும் இழக்கிறார். உறவினர் வட்டத்துக்குள் வணிகம் செய்பவர் ஏமாற்றப்பட்டால் ஏமாற்றியவரின் வீடு தெரியும், பெரியவர்களிடம் முறையிட வழியும் உண்டு. முகம் தெரியாதவரிடம் விற்பவருக்கு இவை எதுவும் இல்லை. மோசடிக்காரர் குறிவைப்பது இந்த இடைவெளியைத்தான். அதனால்தான் "கவனமாக இருங்கள்" என்ற பொத்தாம்பொதுவான அறிவுரை நம்மவர்களுக்குப் போதாது. பணம் எந்த வழியாக, எந்த விதியின்படி நகர்கிறது என்ற நுட்ப அறிவு, உறவு வட்டத்தின் காப்பு இல்லாதவர்களுக்கே மிகுதியாகத் தேவைப்படுகிறது.

பின் எண் யாருடைய கையெழுத்து?

இந்திய தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2016இல் தொடங்கிய யூ.பி.ஐ. முறையில் ஒரு விதி மாறாதது. பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையில்லை. காசோலையில் கையெழுத்திடுபவர் பணம் கொடுப்பவரே. வாங்குபவர் கையெழுத்திட்டால்தான் பணம் வரும் என்று எவரேனும் சொன்னால் நாம் சிரிப்போம். பின் எண் அந்தக் கையெழுத்தின் மறுவடிவம். கியூ.ஆர். குறியீடும் அப்படியே: அதை ஸ்கேன் செய்பவர் பணம் கொடுக்கிறார், காட்டுபவர் வாங்குகிறார். தேநீர்க் கடையில் நாள்தோறும் இதைத்தான் செய்கிறோம்.

பிறகு ஏன் இத்தனை பேர் குழம்புகிறார்கள்? ஒரு காரணம், கணக்கு இருப்பைப் பார்ப்பதற்கும் அதே பின் எண்ணைச் செயலி கேட்கிறது. பணத்தை அனுப்பாத ஒரு செயலுக்கும் அந்த எண்ணை இட்டுப் பழகிய கை, 'வரவை உறுதிப்படுத்த' எண் கேட்கப்படும்போது தயங்குவதில்லை. மோசடிக்காரர் நம்முடைய அறியாமையைவிட நம்முடைய பழக்கத்தைத்தான் அதிகம் நம்புகிறார். எண்ணை இடும் திரையில் தொகைக்கு மேலே 'அனுப்புதல்' என்றோ 'செலுத்துதல்' என்றோ இருக்கிறதா என்பதை ஒரு நொடி படித்தால் போதும். ஆங்கிலத்தில் இருக்கும் செயலியைத் தமிழுக்கு மாற்றிக்கொள்வது இதில் பெரிய உதவி; பெரும்பாலான செயலிகளில் அந்த வசதி உண்டு, தேடுபவர்தான் குறைவு.

ஒருவர் மற்றொருவரிடம் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியும் நெடுங்காலம் இம்மோசடிக்குக் கருவியாக இருந்தது. 2025 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கிடையே அந்த வசதியைப் பணப்பட்டுவாடாக் கழகம் நிறுத்திவிட்டது. வணிகர் கணக்குகளிலிருந்து வரும் கோரிக்கைகள் தொடர்கின்றன, கியூ.ஆர். குறியீடும் இருக்கிறது. எனவே பாதி வாசல்தான் மூடியிருக்கிறது.

2025 ஜூன் 30 முதல் நடைமுறைக்கு வந்த மற்றொரு மாற்றம் இதைவிடப் பயனுள்ளது. பணம் பெறுபவரின் பெயராக அவர் செயலியில் வைத்துக்கொண்ட பெயர் இப்போது காட்டப்படக் கூடாது. வங்கிப் பதிவில் உள்ள பெயரே காட்டப்பட வேண்டும். பின் எண்ணை இடுமுன் அந்தப் பெயரைப் படியுங்கள். பேசியவர் ஒரு பெயர், கணக்கில் வேறொரு பெயர் என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். "அது என் மைத்துனன் கணக்கு", "அலுவலகக் கணக்காளர் கணக்கு" என்ற விளக்கங்கள் எல்லா மோசடிக்காரர்களிடமும் தயாராக இருக்கும்.

பொருளை நேரில் வந்து எடுத்துச்செல்பவரும் ஏமாற்றலாம். பணம் அனுப்பிவிட்டதாகப் பச்சை நிறத் திரையைக் காட்டுவார். சில போலிச் செயலிகள் 'வெற்றி' என்ற ஒலியைக்கூட எழுப்பும். அல்லது வங்கியிலிருந்து வந்தது போன்ற குறுஞ்செய்தி வரும். வங்கியின் செய்தி எழுத்துகளால் ஆன முகவரியிலிருந்து வரும். சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து வருவதை வரவாகக் கொள்ளக் கூடாது. அடுத்தவருடைய திரை எதற்கும் சான்றாகாது. நம் கைப்பேசியில் நம் செயலியைத் திறந்து, பரிவர்த்தனைப் பட்டியலில் தொகை ஏறியதைப் பார்த்த பின்னரே இயந்திரம் வாசலைத் தாண்ட வேண்டும். "சர்வர் மெதுவாக இருக்கிறது, அரை மணியில் வந்துவிடும்" என்றால் இயந்திரமும் அரை மணி நேரம் வீட்டிலேயே இருக்கட்டும்.

இதன் இன்னொரு வடிவம் சற்று நுட்பமானது. 2,000 ரூபாய் அனுப்ப வேண்டியவர் தவறி 20,000 அனுப்பிவிட்டதாகப் போலிக் குறுஞ்செய்தியைக் காட்டி, மீதியைத் திருப்பித் தரும்படி கெஞ்சுவார். மருத்துவமனையில் இருக்கிறேன் என்பார். பிறர் பணம் நமக்கு வேண்டாம் என்று நினைப்பவர்களே இதில் அதிகம் இழக்கிறார்கள். உண்மையிலேயே தவறி வந்திருந்தால், அவர் தம் வங்கியில் முறையிட்டு அதே வழியில் திரும்பப் பெறட்டும் என்று சொல்வது கல்நெஞ்சம் ஆகாது.

கூரியர் பெயரில் வரும் அழைப்புகளைப் பற்றியும் ஒரு சொல். பார்சல் நின்றுவிட்டது, முகவரியைத் திருத்த இந்தச் செயலியை இறக்குங்கள் என்று அனுப்பப்படும் கோப்பு, குறுஞ்செய்திகளைப் படித்து ஓ.டி.பி. எண்களை வெளியே அனுப்பக்கூடியது. திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்வதும், நட்சத்திரக் குறியும் எண்களும் சேர்ந்த குறியீடொன்றை அழுத்தச் சொல்வதும் இதே வகை. பின்னது நமக்கு வரும் அழைப்புகளை வேறொருவர் எண்ணுக்குத் திருப்பிவிடும்.

ஸ்டாக் லாட் என்னும் பொறி

இதுவரை சொன்னவை விற்பவரைக் குறிவைப்பவை. திருப்பூர் என்ற பெயரே வாங்குபவருக்கான தூண்டிலாக இருப்பதால் அதையும் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏற்றுமதியில் தள்ளுபடியான துணிகள், செகண்ட்ஸ், மிகுதியான உற்பத்தி ஆகியவை ஸ்டாக் லாட் என்ற பெயரில் மலிவாகக் கைமாறுவது இங்கு நெடுநாள் வழக்கம். அதையறிந்த மதுரைக் கல்லூரி மாணவரோ கடலூரின் சுயஉதவிக் குழுப் பெண்ணோ "திருப்பூர் நேரடி விலை" என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பத்தாயிரம் முன்பணம் அனுப்புகிறார். வீடியோவில் கண்ட கிடங்கு உண்மையானது. அது வேறொரு வணிகருடையது என்பதுதான் சிக்கல். ஜி.எஸ்.டி. சான்றிதழும் உண்மையானதே, அதுவும் வேறொருவருடையது. பணம் போன பிறகு எண் தடுக்கப்படுகிறது. சில வேளைகளில் மூட்டை வந்து சேர்கிறது. பிரித்தால் உள்ளே கட்டிங் வேஸ்ட்.

இங்கே பயன்படும் சோதனைகள் எளியவை, ஆனால் பொறுமை வேண்டும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் பதிவெண்ணை இட்டால் நிறுவனத்தின் சட்டப்பூர்வமான பெயர், பதிவான தேதி, பதிவு நடப்பில் உள்ளதா என்பவை எவருக்கும் இலவசமாகத் தெரியும். அந்தப் பெயரும் பணம் கேட்கப்படும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நிறுவனத்தின் பெயரில் வணிகம், தனியாளின் கணக்கில் பணம் என்றால் விலகிவிடுவதே நல்லது. பெருந்தொகையை நெஃப்ட் வழியாக அனுப்புபவர்களுக்குப் பெறுபவரின் பெயரை முன்கூட்டியே சரிபார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் தரும்படி ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் உத்தரவிட்டது. பழைய வீடியோவை ஏற்காமல் நேரலை அழைப்பில் கிடங்கைக் காட்டச் சொல்லி, நாம் கேட்கும் அளவிலும் நிறத்திலும் ஒரு பீஸைக் கையில் எடுத்துக்காட்டச் சொல்லலாம். லாரி புக்கிங் ரசீதின் படத்தை அனுப்பினால், ரசீதில் அச்சிட்ட எண்ணை அழைக்காமல் அந்தப் பார்சல் அலுவலகத்தின் எண்ணை நாமே தேடி அழைத்து ரசீது எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். முதல் முறை சிறிய லாட் வாங்குவது, முடிந்தால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து பேருந்தேறித் திருப்பூருக்கே வந்து சரக்கைப் பார்த்துப் பணம் கொடுப்பது ஆகியவை பழைய வழிகள். அவற்றுக்கு மாற்று இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

வாடகைக்குக் கேட்கப்படும் வங்கிக் கணக்கு

கல்லூரி மாணவர்கள் இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். மேலே சொன்ன தொழிலாளியின் பணம் எங்கே போனது? மோசடிக்காரர் தம் சொந்தக் கணக்கில் அதை வாங்குவதில்லை. யாரோ ஒரு மாணவர், யாரோ ஒரு புலம்பெயர் தொழிலாளி, சில ஆயிரம் ரூபாய்க்கு விற்ற அல்லது வாடகைக்கு விட்ட கணக்கில் முதலில் விழுந்து, அங்கிருந்து சில நிமிடங்களில் பல கணக்குகளுக்குச் சிதறுகிறது. "உன் கணக்கையும் சிம் கார்டையும் ஒரு மாதம் கொடு, வரும் தொகையில் பங்கு தருகிறோம்", "வீட்டிலிருந்தே வேலை, பணத்தை வாங்கி வேறு கணக்குக்கு மாற்றினால் போதும்" என்றெல்லாம் டெலிகிராமிலும் விடுதி அறைகளிலும் அழைப்பு வருகிறது.

காவல்துறை முதலில் வந்து நிற்கும் கதவு இந்தக் கணக்கு வைத்திருப்பவரின் கதவு. அவருடைய பெயர், ஆதார், முகவரி எல்லாம் பதிவில் உள்ளன. மூளையாக இருந்தவரின் பெயர் எங்கும் இல்லை. தெரிந்தே கொடுத்தார் என்று நிறுவப்பட்டால் ஏமாற்றுதல், கூட்டுச்சதி ஆகிய பிரிவுகள் பாயும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 111ஆம் பிரிவு, அமைப்புரீதியான குற்றம் என்பதற்குள் சைபர் குற்றத்தையும் சேர்த்திருக்கிறது. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை வருகிற அதே கணக்கை ஒரு மாணவர் வாடகைக்கு விட்டால், உதவித்தொகையும் முடங்குகிறது, படிப்பும் முடங்குகிறது, அரசு வேலைக்கான நடத்தைச் சரிபார்ப்பில் வழக்கும் வந்து நிற்கிறது. ஒரு தலைமுறை முயன்று ஏறிய ஏணியின் படி இப்படி உடைவதை நம் இயக்கங்கள் போதிய அளவு பேசவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

எந்தத் தவறும் செய்யாதவரின் கணக்கும் முடக்கப்படுவதுண்டு. டி-ஷர்ட் விற்றுப் பெற்ற 600 ரூபாய், வாங்கியவரின் கணக்கில் மோசடிப் பணமாக வந்திருந்தால், தொடர் விசாரணையில் விற்றவரின் கணக்கும் பூட்டப்படலாம். 2023இல் கேரள உயர் நீதிமன்றமும் 2024இல் சென்னை உயர் நீதிமன்றமும், சந்தேகத்துக்குரிய தொகை எவ்வளவோ அவ்வளவை மட்டும் நிறுத்திவைக்க வேண்டுமேயன்றிக் கணக்கு முழுவதையும் முடக்கக் கூடாது என்ற திசையில் உத்தரவுகள் பிறப்பித்துள்ளன. கணக்கு முடங்கியவர் செய்ய வேண்டியது, எந்த மாநிலத்தின் எந்தக் காவல் நிலையம், எந்தப் புகார் எண், எவ்வளவு தொகை என்பதை வங்கியிடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது. பிறகு விற்பனைக்கான சான்றுகளோடு அந்த நிலையத்துக்கு எழுதலாம். விற்ற பொருளின் படம், உரையாடல், பார்சல் ரசீது ஆகியவற்றைச் சிறு வணிகர்கள் அழிக்காமல் வைத்திருக்க வேண்டியது இதற்காகவும்தான்.

மறுமுனையில் இருப்பவர்கள் யார் என்பதிலும் எச்சரிக்கை தேவை. 2023 ஏப்ரல் இறுதியில் ஹரியானாவின் நூஹ் மாவட்டத்தில் 14 கிராமங்களில் சுமார் 5,000 காவலர்கள் ஒரே இரவில் சோதனை நடத்தினார்கள். நாடெங்கும் ஏறத்தாழ 28,000 பேரிடம் 100 கோடி ரூபாய்க்கு மேல் ஏமாற்றிய வலைப்பின்னல் வெளிப்பட்டதாகக் காவல்துறை அறிவித்தது. அதன்பின் மேவாத், ஜாம்தாரா என்ற ஊர்ப்பெயர்கள் வசைச்சொற்களாகவே மாறிவிட்டன. திருப்பூரில் வேலை செய்யும் ஜார்க்கண்ட் தொழிலாளியைப் பார்த்தால் "ஜாம்தாராவா?" என்று கேலி பேசுவதும் உண்டு. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பைக் கொண்டே மனிதரைக் குற்றவாளியாக்கியதை மறவாத நாம், ஒரு வட்டாரத்தின் ஏழை மக்கள் முழுவதையும் அப்படிப் பார்க்கும் பேச்சுக்குத் துணைபோகலாகாது. நம்முடைய இளைஞர்களே அந்த மறுமுனையில் அமர்த்தப்பட்டதுண்டு. தகவல் தொழில்நுட்ப வேலை என்று நம்பிச் சென்று, மியான்மரின் மியாவடியில் மோசடி மையங்களில் அடைக்கப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் 2022இல் மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள்.

பணம் போன பிறகு

முதல் வேலை 1930 என்ற எண்ணை அழைப்பது. அழுவதும் தன்னையே நொந்துகொள்வதும் பிறகு ஆகட்டும். அந்த எண்ணில் பரிவர்த்தனை எண், தொகை, நேரம், வங்கி ஆகியவற்றைச் சொன்னால், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு ஓடுமுன் அதை நிறுத்திவைக்கும் வேலை வங்கிகளிடையே தொடங்குகிறது. ஏ.டி.எம்.மில் எடுக்கப்பட்டுவிட்டால் இந்த வழி அடைபடும். ஆகவே நிமிடங்களுக்கு மதிப்பு உண்டு. தொடர்ந்து தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் முழு விவரத்தையும் பதிந்து புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். தம் வங்கிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

வங்கி ஈடு தருமா? 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை, வாடிக்கையாளர் தவறின்றி மூன்றாம் தரப்பால் நடந்த, அவர் அனுமதியளிக்காத பரிவர்த்தனையை மூன்று வேலைநாளுக்குள் தெரிவித்தால் அவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்கிறது. ஆனால் ஏமாற்றப்பட்டேனும் தாமே பின் எண்ணை இட்டவரை வங்கிகள் அனுமதியளித்தவராகவே கருதுகின்றன. இந்த வேறுபாடு அநீதியானது. வஞ்சகத்தால் பெற்ற கையெழுத்தைச் சட்டம் வேறிடங்களில் கையெழுத்தாக ஏற்பதில்லை. நடப்பு நிலை இதுதான் என்பதால், பணம் நிறுத்திவைக்கப்படுவதையே முதன்மையாக நம்ப வேண்டியுள்ளது. அப்படி நிறுத்தப்பட்ட தொகை பெரும்பாலும் நீதிமன்ற உத்தரவின் வழியே திரும்புகிறது.

காவல் நிலையம் நம் மக்களுக்கு எளிய இடமன்று. இக்கட்டுரையாளர் ஒருவருக்குத் துணையாகச் சென்ற நிலையமொன்றில் முதலில் கேட்கப்பட்ட கேள்வி "எந்த ஏரியா?" என்பது, இரண்டாவது, "இவ்வளவு பணம் உங்களுக்கு எப்படி வந்தது?" என்பது. இழந்தவரே விளக்கம் சொல்ல வேண்டியவராக மாறிவிடுகிறார். அத்தகைய சூழலில் சில சட்டச் செய்திகள் கைகொடுக்கும். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியே ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஏமாற்றிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 318(4)இன்படி ஏழாண்டு வரை. இவை பிடியாணையின்றிக் கைதுசெய்யத்தக்க குற்றங்கள். அத்தகைய குற்றத்தைத் தெரிவிக்கும் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. "குற்றவாளி வட இந்தியாவில் இருக்கிறான், எங்கள் எல்லை இல்லை" என்ற பதிலும் செல்லாது. எல்லை பாராமல் புகாரை ஏற்க வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது. மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும், அதன்பின் நடுவர் நீதிமன்றத்துக்கும் போகலாம். தமிழ்நாட்டில் கையில் கொடுத்தனுப்பப்படும் சி.எஸ்.ஆர். ரசீது, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி மட்டுமே. அதை முதல் தகவல் அறிக்கை என்று எண்ணி வீடு திரும்புபவர்கள் பலர்.

வழக்கறிஞர் வைக்கப் பணமில்லை என்பது காரணமாக வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12ஆம் பிரிவு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவிக்கு உரிமை தருகிறது. முதலிபாளையத்தின் தையல் தொழிலாளி இந்த நான்கில் இரண்டு மூன்றுக்குள் அடங்கிவிடுவார். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரிலோ 15100 என்ற எண்ணிலோ அணுகலாம்.

விற்றவர் உண்மையான ஆளாக இருந்து, பழுதான பொருளைத் தந்தோ பொருளே தராமலோ ஏமாற்றியிருந்தால் நுகர்வோர் ஆணையத்தின் வழியும் உண்டு. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. இதில் திருப்பூருக்கே உரிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. மறுவிற்பனைக்காக டி-ஷர்ட் லாட் வாங்கியவரை அச்சட்டம் நுகர்வோராக ஏற்பதில்லை. பிழைப்புக்காகத் தாமே தைக்க ஒரு பவர் டேபிள் வாங்கியவரைச் சுயதொழில் என்ற விளக்கத்தின் கீழ் ஏற்கிறது. எனவே இயந்திரம் வாங்குபவர், அது எதற்காக வாங்கப்படுகிறது என்பதை விற்பவருக்கு அனுப்பும் செய்தியிலேயே ஒரு வரி எழுதி, அந்த உரையாடலைப் பாதுகாத்து வைத்திருக்கலாம்.